ஒற்றன் யாருடைய ஆள்?
தென்காசியிலிருந்து ‘பொன்னியின் செல்வன்’

மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களாக 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வந்தபோது விவாதம் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது: படம் நாவலுக்கு விசுவாசமாக இருக்கிறதா, இல்லையா? ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடைத்தது நியாயமா, வந்தியத்தேவன் நம் மனசில் இருந்த மாதிரியே இருக்கிறானா என்று பேசித் தீர்த்தார்கள். விசுவாசம் என்பது அரண்மனைச் சொல். ஒரு பிரதியை மதிப்பிட அந்தச் சொல் போதாது.

தென்காசி, குற்றாலம் பக்கத்து டீக்கடைகளில் கேள்வி வேறு மாதிரி எழும். “சோழன் படத்துல நம்ம பாண்டியரைத்தானே அண்ணாச்சி வில்லனாக் காட்டுதாவ?” இதை வெறும் ஊர்ப்பற்று என்று தள்ளிவிடலாம். ஆனால் அதற்குள் ஒரு வரலாற்றுக் கேள்வி இருக்கிறது.

1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்த இந்த நாவலைச் சரித்திர நாவல் என்றே படித்துப் பழகிவிட்டோம். அதன் எந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால் அது ஓர் உளவு நாவல். கையில் இரண்டு ஓலைகளோடு ஒரு தூதன். கடம்பூர் மாளிகையில் ஒளிந்திருந்து கேட்கும் சதி. காட்டினால் கதவு திறக்கும் பனை இலச்சினை மோதிரம். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியாத பெண். கல்கி இங்கே இரண்டு வகை ஒற்றர்களை வைக்கிறார். முதலமைச்சர் அநிருத்தரின் ஒற்றன் ஆழ்வார்க்கடியான், கைத்தடியோடு சைவர்களை வம்புக்கிழுக்கும் வீர வைஷ்ணவன். சிரிக்க வைப்பவன், நம்ம ஆள். பாண்டியரின் ஆபத்துதவிகளோ நள்ளிரவில் திருப்புறம்பியம் பள்ளிப்படையில் கூடுபவர்கள். ரவிதாசன் மந்திரவாதி. தேவராளன் வெறியாடுபவன். அரசின் ஒற்றனுக்குக் கோயில் பக்தி வேஷம். எதிரியின் ஒற்றனுக்குக் காட்டுச் சாமியாட்டம். இந்தப் பங்கீடு தற்செயலானதல்ல.

குற்றாலக் குறவஞ்சியில் மலைக்குறத்தி வீட்டுக்கே வந்து குறி சொல்லிப் பரிசு வாங்கிப் போகிறாள். யாரும் அவளை வேவுக்காரி என்று சந்தேகிப்பதில்லை. கொடைவிழாவில் சாமியாடி வாக்குச் சொன்னால் ஊர் கைகட்டி நின்று கேட்கிறது. அதே ஆட்டம் கடம்பூர் மாளிகைக்குள் போனதும் எதிரியின் சங்கேதமாக மாறிவிடுகிறது. படம் அதை ஒரு பெரிய பாட்டாகவே எடுத்துக் காட்டியது.

சரி, கல்வெட்டு என்ன சொல்கிறது? நாவல் தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில். அந்த ஏரிக்குப் பக்கத்தில், காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில்தான் ஆதித்த கரிகாலன் கொலை பற்றிய கல்வெட்டு இருக்கிறது. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு ஆணை அது. கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்கிறது, உறவினர்களையும் விடவில்லை. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்ற பட்டம். பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்ற பட்டம்.

இந்தப் பட்டங்களை நிறுத்திப் படிக்க வேண்டும். பிரமாதிராஜன் என்பது பிராமண அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். ‘பஞ்சவன்’ பாண்டியனைக் குறிக்கும் சொல் என்பதால் ரவிதாசனைப் பாண்டியனின் ஆள் என்று வாதிடலாம். ஆனால் ‘இருமுடிச்சோழ’ என்ற பட்டத்தை எந்தப் பாண்டியன் கொடுத்திருப்பான்? கல்வெட்டில் தெரிவது சோழ நிர்வாகத்துக்குள்ளேயே, சதுர்வேதிமங்கலத்தில் நிலம் வைத்திருந்த ஒரு குடும்பம். நடுவே உத்தம சோழன் சுமார் 15 ஆண்டுகள் ஆண்டிருக்கிறான். அவனுக்குக் கொலையில் பங்குண்டு என்று நீலகண்ட சாஸ்திரி கருதினார். சதாசிவப் பண்டாரத்தார் மறுத்தார். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. நாவல் முடித்து வைத்துவிட்டது. உள்ளே இருந்த அதிகாரியை வெளியே எடுத்து, மந்திரவாதியாக்கி, பாண்டியனிடம் ஒப்படைத்தது. அரசின் வீட்டுக் குற்றம் இப்படித்தான் அந்நியச் சதி ஆகிறது.

பாண்டியன் தரப்பில் கல் இல்லாமல் இல்லை. திருநெல்வேலிச் சீமைக் கல்வெட்டுகளில் வீரபாண்டியன் ‘சோழன் தலைகொண்ட’ என்ற பட்டத்தோடு வருகிறான். ஆதித்தன் ‘வீரபாண்டியன் தலைகொண்ட’ என்று போட்டுக்கொள்கிறான். இரண்டும் ஒரே வாக்கிய அமைப்பு, ஒரே பெருமை. வென்றவனின் பட்டம் வீரம் ஆனது. தோற்றவனின் ஆட்கள் எடுத்த சபதம் சதி ஆனது. பிறகு பாண்டி நாட்டுக்கே ராஜராஜப் பாண்டிநாடு என்று பெயர் மாற்றம். சேரன்மாதேவி நிகரிலிசோழச் சதுர்வேதிமங்கலம் ஆயிற்று. சோழ இளவரசர்களே ‘சோழபாண்டியன்’ என்று மதுரையிலிருந்து ஆண்டார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்து மன்னார்கோயில், ராஜேந்திர சோழ விண்ணகரம் என்ற பெயரில் எழுந்தது. பாண்டியர் பிற்பாடு மீண்டார்கள், மறுபடி இழந்தார்கள். மதுரையை விட்டுத் தெற்கே ஒதுங்கிய பராக்கிரம பாண்டியன் தென்காசியில் 1446இல் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது தோற்றவர்கள் நிழல் உருவங்களாக இருப்பதில்லை.

படத்துக்கு வருவோம். நந்தினியை வஞ்சகியாக மட்டும் விடாமல் அவள் முகத்தில் நின்று பார்க்கக் கேமராவுக்குப் பொறுமை இருந்தது. கரிகாலனுக்குத் தலைகொண்டது பெருமையாக இல்லை, தூக்கம் கெடுக்கும் குற்றமாக இருக்கிறது. இவை நாவலை மீறிய நல்ல வாசிப்புகள். ஆனால் கொடுத்த விலை பெரிசு. பாண்டியரின் அரசியல் கோரிக்கை முழுவதும் ஒரு பெண்ணின் உடைந்த காதலுக்குள் கரைந்துபோனது. கிஷோர் நடித்த ரவிதாசனுக்குக் கோபம் இருக்கிறது, வாதம் இல்லை. அவன் ஏன் சண்டை போடுகிறான் என்று ஒரு காட்சி நின்று கேட்கவில்லை. 70 ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்த படம், உடையார்குடிக் கல்லை ஒருமுறை திரும்பப் படித்திருக்கலாம்.

இது பழைய ராஜாக்கள் சமாச்சாரம்தானே என்று கேட்கலாம். இல்லை. 1910இல் இதே தென்காசியில் நீலகண்ட பிரம்மச்சாரியின் கூட்டத்தார் காளி படத்தின் முன் குங்குமத் தண்ணீரை வெள்ளையன் ரத்தம் என்று சொல்லிக் குடித்துச் சபதம் எடுத்ததாக வழக்கின் அப்ரூவர் சாட்சி சொன்னது. பள்ளிப்படைச் சபதத்துக்கும் இதற்கும் சடங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 1911 ஜூன் 17 அன்று பக்கத்துச் செங்கோட்டையின் வாஞ்சிநாதன் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தானும் சுட்டுக்கொண்டார். ஆங்கிலேய அரசின் ஏட்டில் அது திருநெல்வேலிச் சதி வழக்கு. இன்று அந்த ரயில் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி. வாஞ்சியிடம் கிடைத்த கடிதம் சனாதன தர்மத்தையும் பேசியது. அதையும் மறைக்காமல் படிக்கத்தான் வேண்டும். சொல்ல வந்தது, தோற்றவர் எல்லோரும் நல்லவர் என்பதல்ல. ‘சதி’ என்ற சொல்லை யார் எழுதினார்கள், எந்த ஆட்சியில் எழுதினார்கள், யாருடைய நிலம் பறிபோனது என்று கேட்காமல் ஒற்றனையும் துரோகியையும் பிரிக்க முடியாது.

நம் காலத்திலும் சதி வழக்குகள் போடப்படுகின்றன. குற்றப்பத்திரிகை வந்த மறுநாளே வெளி ஆள், காட்டு ஆள் என்ற உருவம் தயாராகிவிடுகிறது. அந்த உருவத்தை நமக்குப் பழக்கிக் கொடுத்ததில் நாம் ஆசையாகப் படித்த தொடர்கதைகளுக்கும் பங்கு உண்டு. படத்தை மறுபடி பார்ப்பவர்கள் தேவராளன் ஆடும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவன் யாருடைய கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரிகிறான் என்று பார்க்க வேண்டும்.