அல்சேஷன் நாய்: பெயரும் புகழும்

அல்சேஷன், ஜெர்மனியில் உருவான மேய்ப்பு நாயினம். பிறந்த நாட்டில் இதற்கு ‘டாய்ச்சர் ஷேஃபர்ஹுண்ட்’ என்று பெயர். ஜெர்மானிய ஆட்டிடையர் நாய் என்பது பொருள். ‘ஜெர்மன் ஷெப்பர்டு’ அதன் ஆங்கில வடிவம். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் நிலைத்ததோ பிரிட்டன் சூட்டிய அல்சேஷன் என்ற பெயர். ஆண் நாய் 60 முதல் 65 செ.மீ. உயரமும் 30 முதல் 40 கிலோ எடையும் இருக்கும். இந்த இனத்தின் பெயர் பல முறை மாறியிருக்கிறது. அதன் மீதான அச்சமும் மதிப்பும் ஏறி இறங்கியிருக்கின்றன. இவற்றுக்கு நாயின் இயல்பைவிட, அதை வைத்திருந்த மனிதர்களின் போர்களும் அரசியலுமே பெரிதும் காரணம்.

தோற்றம்

19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஆட்டு நாய்கள் வேறுபட்டன. துரிங்கியா நாய்கள் சிறியவை, விறைத்த காதும் ஓநாய்ச் சாம்பல் நிறமும் கொண்டவை. வூர்ட்டம்பெர்க் நாய்கள் பெரியவை, நிதானமானவை. வேலியில்லாத பயிர்நிலங்களுக்கு நடுவே மந்தை மேயும்போது, ஆடுகள் பயிரில் வாய்வைக்காதபடி எல்லையில் ஓயாமல் ஓடி மறிப்பது இவற்றின் வேலை. நெடுநேரம் களைக்காத உடலும், இடையன் அருகில் இல்லாதபோதும் தானே முடிவெடுக்கும் அறிவும் அந்த வேலையில் தேறியவை.

மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி இந்தத் திறனை ஓர் இனமாக நிலைநிறுத்த விரும்பினார். ஒரு நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் லிங்க்ஸ்ரைன் என்ற நாயைக் கண்டு வாங்கி, ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று பெயர் மாற்றினார். 1899 ஏப்ரலில் அவர் தொடங்கிய ஜெர்மானிய ஆட்டிடையர் நாய்ச் சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கே கிடைத்தது. அழகைவிட உழைப்புக்கும் அறிவுக்கும் முதலிடம் என்பது ஸ்டெஃபானிட்ஸின் கொள்கை. மேய்ச்சல் வேலை குறைந்துகொண்டே வந்ததால், இந்த நாய்களைக் காவல்துறையிலும் ராணுவத்திலும் சேர்க்க அவர் விடாமல் முயன்றார். இனம் அழியாமல் பிழைத்ததற்கும், பின்னாளில் அதன் மீது படிந்த அச்சத்துக்கும் இந்த முடிவே வித்து.

போரும் பெயர் மாற்றமும்

முதல் உலகப் போரில் ஜெர்மன் படை செய்தி கொண்டுசெல்லவும் காயம்பட்டவர்களைத் தேடவும் இந்த நாய்களைப் பயன்படுத்தியது. அவற்றின் திறமையைக் களத்தில் கண்ட எதிர்த்தரப்பு வீரர்கள் சிலர் தாய்நாடு திரும்பும்போது அவற்றையும் கொண்டுபோனார்கள். ஆனால் ‘ஜெர்மன்’ என்ற சொல்லைக் கேட்டாலே வெறுப்பு பொங்கிய காலம் அது. நாயினங்களைப் பதிவு செய்யும் அமெரிக்க கென்னல் கிளப் 1917-இல் அந்தச் சொல்லை நீக்கி ‘ஷெப்பர்டு நாய்’ என்று மட்டும் வைத்துக்கொண்டது. பிரிட்டிஷ் கென்னல் கிளப் 1919-இல் இந்த இனத்தைத் தனிப் பிரிவாக ஏற்றபோது, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லையில் உள்ள அல்சாஸ் பகுதியின் பெயரால் ‘அல்சேஷன் ஓநாய் நாய்’ என்றது.

ஜெர்மன் என்ற சுமை இறங்கியது. ஓநாய் என்ற சுமை ஏறிக்கொண்டது. ஓநாய் ரத்தம் கலந்தது, நம்பத்தகாதது என்ற பேச்சு பரவியதும் வளர்ப்பவர்கள் அந்தச் சொல்லையும் கைவிட்டார்கள். அதற்குள் கெட்ட பெயர் கடல் தாண்டியிருந்தது. டிங்கோ எனும் காட்டு நாய்களோடு கலந்து ஆட்டு மந்தைகளைச் சூறையாடும் என்ற அச்சத்தால் ஆஸ்திரேலியா 1929-இல் இதன் இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஆடு காக்க உருவான இனத்தை ஆட்டுக்கு எதிரி என்று சொன்ன அந்தத் தடை 1970-களில்தான் விலகியது.

புகழின் இரு முகங்கள்

அதே காலத்தில் ஹாலிவுட் வேறொரு முகத்தைக் காட்டியது. 1918-இல் பிரான்சின் போர்க்களத்தில் லீ டங்கன் என்ற அமெரிக்கப் படைவீரர் மீட்ட குட்டி, ரின் டின் டின் என்ற பெயரில் திரை நட்சத்திரமானது. திரைக்கு வெளியிலும் இந்த இனம் நற்பெயர் பெற்றது. பார்வையிழந்த போர்வீரர்களுக்காக ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் 1916-இல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியது. 1928-இல் பார்வையற்ற மாரிஸ் ஃபிராங்க், சுவிட்சர்லாந்தில் பயிற்சி பெற்ற ‘பட்டி’ என்ற பெட்டை நாயுடன் நியூயார்க்கின் நெரிசலான சாலையைக் கடந்தார். அமெரிக்காவில் வழிகாட்டி நாய் இயக்கம் வேரூன்ற அது பெரும் தூண்டுகோலாயிற்று.

பின்னர் நாஜி வதைமுகாம்களின் காவலில் இதே இனம் நிறுத்தப்பட்டது. 1963 மே மாதம் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தின் மீது போலீசார் இந்த நாய்களை ஏவிய படங்கள் உலகை உலுக்கின. பார்வையற்றவரை நடத்திச் சென்றதும் போராடியவர் மீது பாய்ந்ததும் ஓரினமே. சொன்னதை விரைவில் கற்கும் திறன்தான் இரண்டுக்கும் அடிப்படை. எதைக் கற்பிப்பது என்பது மனிதர் பொறுப்பு.

இன்று

அமெரிக்கா 1931-இல் ‘ஜெர்மன்’ என்ற சொல்லை மீண்டும் சேர்த்தது. பிரிட்டனில் 1977-இல்தான் ஜெர்மன் ஷெப்பர்டு என்ற பெயர் திரும்பியது. அடைப்புக்குறிக்குள் ஒட்டியிருந்த அல்சேஷன் 2010-இல் நீங்கியது. அங்கே ஏட்டிலிருந்து மறைந்த அந்தப் பெயர் தமிழில் இன்றும் புழங்குகிறது.

மோப்பம், மீட்பு, காவல் பணிகளில் உலகெங்கும் இந்த இனம் உழைக்கிறது. கண்காட்சிப் பரிசுக்காகப் பின்முதுகு சரியும்படி இனவிருத்தி செய்யும் போக்கும், இந்த இனத்தில் அதிகம் காணப்படும் இடுப்பு மூட்டுக் கோளாறும் இன்று கடும் விவாதத்தில் உள்ளன. பெயரும் புகழும் மாறியதைத் தாங்கிக்கொண்ட இந்த நாய்க்கு உடல் சிதைவதைத் தாங்க முடியாது. உழைப்புக்கே முதலிடம் என்ற ஸ்டெஃபானிட்ஸின் கொள்கையை, ஆரோக்கியத்துக்கே முதலிடம் என்று விரித்துக் கடைப்பிடிப்பது வளர்ப்பவர்களின் கடமை.