கட்டியங்காரன் பிறந்த கதை

கூத்தில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் ஆட்டக்களத்துக்கு முதலில் வருகிறவன் துரியோதனன் அல்ல, கர்ணனும் அல்ல. கூம்புக் குல்லாவும் முகத்தில் கோணல்மாணலான அரிதாரமுமாகக் குதித்துக்கொண்டு வருகிறானே, அவன்தான் கட்டியங்காரன். வடக்கனந்தல், கச்சிராயபாளையம், சின்னசேலம் என்று கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அவனுக்கு வேலை அதிகம். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று ராஜா பாடுவான். திரை விலகியதும் ‘வந்திருக்கிறது யாரு?’ என்று கேட்கிறவன் கட்டியங்காரன். ராஜா அடுக்குமொழியில் குலப்பெருமை சொல்லச் சொல்ல, இவன் அதை வேண்டுமென்றே தப்பாகப் புரிந்துகொண்டு ஊர்ப்பேச்சில் திருப்பிக் கேட்பான். முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் பிள்ளைகளுக்குக் கதை புரிவது அப்போதுதான். உள்ளே அடுத்த வேஷம் கட்டி முடியவில்லை என்றால் நேரத்தை ஓட்டுகிறவனும் அவன்தான். தூதுவன், தேரோட்டி, வேலைக்காரன் என்று சில்லறை வேஷமெல்லாம் அவன் தலையில் விழும். அஸ்தினாபுரத்துச் சபையில் நின்றுகொண்டு, வெட்டு உத்தரவு வராமல் காட்டில் காய்கிற கரும்பைப் பற்றிப் பேசும் உரிமையும் அவன் ஒருவனுக்குத்தான்.

இவன் கோமாளியாகப் பிறக்கவில்லை. அரசன் வருகிறான், சாமி புறப்படுகிறது என்று முன்னால் நடந்து பட்டப்பெயர்களை உரக்கச் சொல்லும் ஆளுக்குக் கட்டியம் கூறுகிறவன் என்று பெயர். மரியாதையான பணி அது. 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் கட்டியக்காரன் வந்து குற்றாலநாதர் உலா வருவதை அறிவிக்கிறான். அங்கே அவன் சிரிப்பு மூட்டவில்லை. அந்த நூலில் சிரிப்பு பின்னால் வருகிற சிங்கனுக்கும் நூவனுக்கும் உரியது. கூத்திலோ இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தன. அரசனை அறிவிக்கிறவனே அரசனைக் கேலியும் செய்வான் என்று ஆன இடத்தில்தான் நாம் அறிந்த கட்டியங்காரன் பிறந்தான் என்பது என் எண்ணம். அதிகாரத்தின் வாயாக இருந்தவன் சனங்களின் வாயாகவும் ஆனான்.

பிறகு அவனுக்கு இறங்குமுகம் வந்தது. ஒருமுறை அல்ல, இருமுறை.

முதலாவது பட்டணத்தில் நடந்தது. பம்மல் சம்பந்த முதலியார் இளமையில் தமிழ் நாடகத்தையே வெறுத்தவர். அதை அவரே தம் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்த பிறகே அவர் மனம் மாறியது. 1891இல் அவர் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். படித்தவர்கள் மேடையேறினார்கள், நாடகத்துக்கு எழுத்துப் பிரதி வந்தது, சில மணி நேரத்தில் முடிகிற ஒழுங்கு வந்தது. இப்படிப்பட்ட சபைகள் தமிழுக்குச் செய்தது பெரிய காரியம். ஆனால் எழுதி வைக்காத வசனத்தைப் பேசுகிற ஒருவனுக்கு அந்த ஒழுங்கில் இடமில்லை. ‘தெருக்கூத்து’ என்பதே வசவாயிற்று. கம்பெனி நாடகங்களில் அவனுடைய இடத்தில் பபூன் வந்து நின்றான்.

அந்தப் பழி தீர அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. புரிசை நடேசத் தம்பிரான் குழுவின் கூத்தைப் பார்த்து அசந்துபோன எழுத்தாளர் ந. முத்துசாமி, கூத்துதான் தமிழின் நாடகம் என்று வாதாடினார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. பட்டணத்து நவீன நாடகம் கட்டியங்காரனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது.

இரண்டாவது இறங்குமுகம் நம் ஊர்களிலேயே நடந்தது. எனக்கு அதுதான் முக்கியம். திருவிழாவுக்கு வீடியோ டெக் எடுத்துவந்து மூன்று படம் ஓட்டிய காலம், ரெக்கார்ட் டான்ஸ் வந்த காலம், பிறகு வீட்டுக்கு வீடு கேபிள் வந்த காலம். கூட்டத்தைப் பிடித்து வைக்கக் கட்டியங்காரர்கள் சினிமாப் பாட்டுப் பாடினார்கள், நடிகர்கள் குரலில் பேசினார்கள், இரட்டை அர்த்தத்தில் இறங்கினார்கள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். கூத்து கெட்டுப்போன காலம் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க முடியவில்லை. அன்றன்றைக்குச் சனங்கள் வாயில் இருப்பதை மேடைக்குக் கொண்டுவருவதுதான் கட்டியங்காரனுக்கு எப்போதும் வேலை. தொண்ணூறுகளில் சனங்கள் வாயில் சினிமா இருந்தது. அவனும் சினிமாவைப் பேசினான். அவன் அப்படிப் பேசியதால்தான் அந்த இரவுகளில் கொஞ்சம் பேராவது விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். கர்ண மோட்சமும் பதினெட்டாம் போரும் முழுதாக ஆடப்பட்டன.

அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ‘சாட்டர்டே நைட் லைவ்’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சிக்கும் இப்படி ஒரு காலம் உண்டு. அதை உருவாக்கிய லார்ன் மைக்கேல்ஸ் 1980இல் விலக, ஜீன் டூமானியன் பொறுப்பேற்றார். திட்டு தாங்காமல் 12 நிகழ்ச்சிகளோடு அவரை நீக்கினார்கள். ஆனால் எடி மர்ஃபி என்ற 19 வயதுப் பையன் மேடைக்கு வந்தது அந்த மோசமான பருவத்தில்தான். தோற்றுப்போனதாக எழுதி ஒதுக்கிய ஆண்டுகளைத் திரும்பத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு சான்று போதும். நம்மிடமும், விஜய் டிவியில் இராம்பாலா இயக்கிச் சந்தானம் நடித்த ‘லொள்ளு சபா’ செய்தது என்ன? பெரிய கதையின் நடுவே நின்று, நாயகன் பேச்சை ஊர்ப்பேச்சில் உடைத்தது. கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது புதிதாகத் தெரியவில்லை.

கூத்தில் டெக் ஓடிய அந்தக் காலத்தில் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. கேலியின் கனமெல்லாம் பெண்வேஷத்தின் மேல் விழுந்தது. அரசனைக் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுத் தோழியின் இடுப்பைப் பேசியது கட்டியங்காரன் தன் வேலையையே மறந்தது. துகில் உரியும் காட்சியில் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஆடுகிற கலை இது. அதற்கு முந்தைய காட்சியில் அந்தப் பேச்சு ஒட்டவே ஒட்டாது. காஞ்சிபுரம் பக்கம் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றார்கள். எதிரே நிற்பது உண்மையிலேயே ஒரு பெண் என்று ஆனால் அந்தப் பழைய கேலி நாக்கில் நிற்காது.

அச்சான கூத்துப் புத்தகங்களில் கட்டியங்காரனுக்குச் சில வரிகள்தான் இருக்கும். மீதி எல்லாம் அந்தந்த இரவில் அந்தந்த ஊருக்காகப் பேசியது. இந்த ஆடியில் உங்கள் ஊரில் கூத்து நடந்தால் துகிலையும் அர்ச்சுனன் தபசையும் மட்டும் செல்போனில் பிடிக்காதீர்கள். கட்டியங்காரன் வந்த நேரத்தையும் பிடியுங்கள், சினிமாப் பாட்டு உட்பட. உங்கள் வட்டாரத்து வயதான கட்டியங்காரர்களை உட்கார வைத்து, டெக் ஓடிய காலத்தில் கூட்டத்தை எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.