ஜெர்மனியின் வீட்டுப் பராமரிப்புப் பணம்

முதுமையாலோ நோயாலோ பிறர் துணையின்றி நாளைக் கழிக்க முடியாத ஒருவரை வீட்டாரே பார்த்துக்கொண்டால், ஜெர்மனியின் கட்டாயப் பராமரிப்புக் காப்பீடு மாதந்தோறும் ஒரு தொகை வழங்குகிறது. அங்கே அதன் பெயர் ஃப்லேகெகெல்ட், அதாவது பராமரிப்புப் பணம். அம்மாவைக் கவனிக்கும் மகளுக்கு அரசு தரும் சம்பளம் என்று இதை நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பணம் போவது அம்மாவின் பெயருக்கு. அதை மகளிடம் கொடுப்பதும் கொடுக்காததும் அம்மாவின் விருப்பம். கொடுத்தால் மகள் அதற்கு வருமான வரி கட்ட வேண்டியதில்லை.

இந்தக் காப்பீடு வருவதற்கு முன், ஆயுள் முழுக்க உழைத்து ஓய்வூதியம் பெற்றவர்கள்கூட முதியோர் இல்லச் செலவு கட்டுப்படியாகாமல் கடைசிக் காலத்தில் உள்ளாட்சியின் ஏழைகள் நிதிக்குக் கையேந்த நேர்ந்தது. உள்ளாட்சிகளும் திணறின. நீண்ட இழுபறிக்குப் பின் 1994-இல் சட்டம் நிறைவேறியது. அதை முன்னின்று நடத்தியவர் ஹெல்முட் கோல் அரசின் தொழிலாளர் அமைச்சர் நோர்பெர்ட் ப்ளூம். 1995 ஜனவரியில் சந்தா பிடித்தம் தொடங்கியது. ஏப்ரலில் வீட்டிலிருப்போருக்கு உதவி கிடைத்தது. இல்லங்களில் இருப்பவர்கள் 1996 ஜூலை வரை காத்திருந்தார்கள்.

சந்தாவில் முதலாளிகளின் பங்கை ஈடுகட்ட ஒரு விடுமுறை நாளையே காவு கொடுத்தார்கள். நவம்பரில் ஒரு புதன்கிழமை வரும் புராட்டஸ்டன்ட் தவ நாள் அது. சாக்சனி மாநிலம் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கான விலையை அங்குள்ள தொழிலாளர்கள் இன்றும் கட்டுகிறார்கள்: 2025-இல் மொத்தச் சந்தா ஊதியத்தில் 3.6 சதவீதம், மற்ற மாநிலங்களில் இரு தரப்பும் 1.8, சாக்சனியில் தொழிலாளிக்கு 2.3, முதலாளிக்கு 1.3. பிள்ளையில்லாதவர்களுக்கு இதற்கு மேலும் 0.6 சதவீதம் உண்டு.

விண்ணப்பித்ததும் மதிப்பீட்டாளர் வீடு தேடி வருகிறார். 2016 வரை எல்லாம் நிமிடக் கணக்கு: குளிப்பாட்ட எவ்வளவு நேரம், ஊட்டிவிட எவ்வளவு நேரம். உடல் திடமாக இருந்தும், அடுப்பை அணைக்க மறந்து தெருவில் வழி தவறும் மறதி நோயாளிக்கு இந்தக் கணக்கில் இடம் குறைவு. 2017-இல் பராமரிப்புத் தேவையை அளக்கும் மூன்று நிலைகள் ஐந்தாகின. நிமிடம் போய் 100-க்கு மதிப்பெண் வந்தது. நடமாட்டம், புரிதல், நடத்தை, தன் வேலையைத் தானே செய்துகொள்ளல், மருந்தும் சிகிச்சையும், அன்றாட வாழ்க்கை என ஆறு பகுதிகள். மதிப்பீட்டு நாளில் மட்டும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ‘எல்லாம் நானே செய்துகொள்வேன்’ என்று பெருமை பேசும் பெரியவர்களால் குடும்பம் தவிப்பதும் உண்டு. அதனால்தான் முன்கூட்டியே ஒரு நாட்குறிப்பு எழுதி வைக்கச் சொல்கிறார்கள் ஆலோசகர்கள்.

முதல் நிலையில் பராமரிப்புப் பணம் கிடையாது. 2025 கணக்குப்படி இரண்டாம் நிலைக்கு மாதம் 347 யூரோ, மூன்றுக்கு 599, நான்குக்கு 800, ஐந்துக்கு 990. அதே நோயாளி, அதே தேவை. ஆனால் நிறுவனத்திலிருந்து செவிலியர் வந்தால் காப்பீடு முறையே 796, 1,497, 1,859, 2,299 யூரோ வரை கட்டுகிறது. எல்லா நிலையிலும் மகளின் உழைப்புக்கு, வெளியாள் உழைப்பின் பாதி மதிப்புகூட இல்லை.

இது சமத்துவத்துக்கு எதிரானது என்று ஒரு குடும்பம் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2014-இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது: இது ஊதியம் அல்ல, குடும்பப் பராமரிப்புக்கான ஊக்கம், உறவினர் செய்வது தொழில்முறைச் சேவைக்கு நிகரான விலைக்கு உரியதென்று சட்டம் கருத வேண்டியதில்லை. சட்டத்தின் மனம் அதில் வெளிப்படையாகவே தெரிகிறது. குடும்பம் எப்படியும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் காப்பீட்டின் வரவுசெலவே நிற்கிறது. 1995-இல் நிர்ணயித்த தொகைகள் 2008 ஜூலை வரை ஒரு காசு உயரவில்லை. 2023 இறுதியில் பராமரிப்புத் தேவைப்பட்டோர் ஏறத்தாழ 57 லட்சம். அவர்களில் சுமார் 31 லட்சம் பேரைப் பெரும்பாலும் வீட்டாரே கவனித்தார்கள்.

ஜெர்மன் முறையை நன்றாக ஆராய்ந்த பிறகே ஜப்பான் 2000-இல் தன் காப்பீட்டைத் தொடங்கியது. ஆனால் பணமாகக் கொடுக்கும் பகுதியை மட்டும் ஏற்கவில்லை. கையில் காசு கொடுத்தால் மருமகள்கள் மாமியார் படுக்கையோடு மேலும் கட்டுண்டு போவார்கள் என்று ஹிகுச்சி கெய்கோ போன்ற பெண்ணுரிமை ஆர்வலர்கள் வாதாடினார்கள். அங்கே காப்பீடு தருவது சேவையை மட்டுமே.

ஜெர்மனியில் மகளுக்கென்று நேரடியாகக் கிடைப்பது வேறு வழியில். வாரத்தில் இரண்டு நாட்களாவது, மொத்தம் 10 மணி நேரமாவது கவனித்து, வெளிவேலை 30 மணி நேரத்தைத் தாண்டாவிட்டால், காப்பீடே அவள் பெயரில் ஓய்வூதியச் சந்தா கட்டும். விபத்துக் காப்பீடும் உண்டு. அவள் ஊருக்குப் போனாலோ காய்ச்சலில் விழுந்தாலோ மாற்று ஆள் வைக்கவும் தற்காலிகமாக இல்லத்தில் சேர்க்கவும் 2025 ஜூலை முதல் ஆண்டுக்கு 3,539 யூரோ பொது நிதி இருக்கிறது. இடையிடையே ஆலோசகரை வீட்டுக்கு அழைத்தாக வேண்டும். தவறினால் பராமரிப்புப் பணம் குறையும், கடைசியில் நின்றும் போகும்.

பணத்தை எப்படிச் செலவழித்தார்கள் என்று யாரும் ரசீது கேட்பதில்லை. அதனால் பல குடும்பங்கள் அதோடு தம் கைக்காசையும் சேர்த்து, போலந்திலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் வரும் பெண்களை வீட்டோடு வைத்துக்கொள்கின்றன. அப்படி பெர்லினில் 90 வயது தாண்டிய ஒரு மூதாட்டியைக் கவனித்த பல்கேரியப் பெண்ணின் ஒப்பந்தத்தில் வாரம் 30 மணி நேரம் என்றிருந்தது. இரவும் பகலும் கூப்பிட்ட குரலுக்கு ஓட வேண்டியிருந்ததாக அவர் வழக்குப் போட்டார். வேலைக்குத் தயாராகக் காத்திருக்கும் நேரத்துக்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று 2021 ஜூனில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டோடு தங்கும் ஆளை வைத்திருந்த குடும்பங்களும், அவர்களை அனுப்பும் நிறுவனங்களும் அதன் பிறகு கணக்கைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.