தீ என்றவர் கிணற்றையும் காட்டணும்

அறிவியலை மக்களிடம் சேர்த்தது பத்திரிகைதான் என்று எதிரணி நண்பர் முழங்கினார். நான் தாம்பரத்துக்காரன், கேன் தண்ணி குடிக்கிறவன். 2003 பிப்ரவரியில், பாட்டில் தண்ணீரில் பூச்சிமருந்து என்று டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சொன்னது. பத்திரிகையெல்லாம் கொட்டை எழுத்து! தப்பில்லை, சொல்லத்தான் வேணும்.

அதே வருடம், மின்சார ரயிலில் போய்க் கிண்டியில் இறங்கினால் பக்கத்திலிருக்கும் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழு என்ன செய்தது? தங்கம், வெள்ளியின் நானோ துகள்களால் பூச்சிமருந்தைத் தண்ணீரிலிருந்து நீக்கும் வழியை ஆய்விதழில் எழுதியது. நானோமீட்டர் என்றால் மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கய்யா! 2007-இல் அது வடிகட்டியாகவே கடைக்கு வந்தது. எங்க தெருவில் யாருக்குத் தெரியும்? எனக்கே தெரியாதே!

தீ தீ என்று கூவியவர், கிணறு எங்கேன்னும் சொல்ல வேண்டாமா?