ஒரு பவுண்டு கப்பலும் ரஜூலாவும்

1974. அந்த ஒரே வருடத்தில் இரண்டு கப்பல்களின் தலையெழுத்து தீர்மானமானது. இரண்டுமே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கட்டப்பட்டவை. ஒன்று இன்றைக்கும் கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று பம்பாயில் துண்டு துண்டாக உடைக்கப்பட்டு, பழைய இரும்பாகப் போனது.

அப்படி இரும்பாகிப்போன கப்பல், நம்ம தஞ்சாவூர்ச் சீமைக்காரர்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டது. பெயர் ரஜூலா!

1926-ல் கட்டப்பட்ட, 8,000 டன்னுக்கும் அதிகமான நீராவிக் கப்பல். சென்னையில் கிளம்பும், நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றும், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச்சேரும். நாகையில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. அது தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்க, ஜனங்கள் படகில் போய் ஏறுவார்கள். மேல்தளத்து டிக்கெட் என்றால் கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் சொந்த இடம். ஆரம்ப காலத்தில் அப்படி 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்தது!

யார் அந்த 5,000 பேர்? காவிரி பாய்ந்தும் ஒரு குழி நிலம்கூட சொந்தமில்லாத விவசாயக் கூலிகள், மலேயாவின் ரப்பர் தோட்டங்களுக்குப் போனார்கள். நாகூர், காரைக்கால் பக்கத்து வியாபாரிகள் போனார்கள். திரும்பி வந்தவருக்கு 'சபராளி' என்று பெயர். ராஜேந்திர சோழன் 1025-ல் படை அனுப்பிய கடாரத்துக் கரையில்தான், சோழநாட்டு ஏழைகள் தகரப் பெட்டியோடு இறங்கினார்கள்.

ரஜூலாவுக்குச் சொந்தக்காரர், பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. ஆமாம், வ.உ.சி. எதிர்த்து நின்ற அதே கம்பெனிதான். 1906-ல் அவர் 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் 10 லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினார். காலியா, லாவோ என்று கப்பல்களும் வந்தன. ஊர்கூடிப் பணம் போட்டுக் கப்பல் வாங்குவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை.

1973-ல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு வருடமே கதை முடிந்தது.

ஸ்காட்லாந்தில் வேவர்லி என்கிற நீராவிக் கப்பலும் 1973-லேயே ஓய்வுக்கு வந்திருந்தது. பக்கவாட்டுச் சக்கரங்கள் சுழன்று ஓடுகிற பழைய ரகம். அதே 1974-ல், அதைக் கம்பெனிக்காரர்கள் ஒரு ஆர்வலர் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். விலை, ஒரே ஒரு பவுண்டு! வாங்கிவிடலாம், ஓட்டுவது யார்? சங்கம் பொதுமக்களிடம் கையேந்தியது. 1975-ல் வேவர்லி மறுபடி பயணிகளோடு கிளம்பிவிட்டது. 2019-ல் கொதிகலன் பழுதானபோது, 23 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. திரும்பவும் ஜனங்களிடம் கேட்டார்கள்; ஸ்காட்லாந்து அரசும் 10 லட்சம் கொடுத்தது. 2020-ல் புதுக் கொதிகலனோடு ஓடியது.

நியாயமாகப் பார்த்தால், ஒப்பீடு சரிசமம் இல்லை. வேவர்லி 700 டன்கூடக் கிடையாது. ரஜூலாவை நிறுத்திவைக்கத் துறைமுகம் வேண்டும். வருடா வருடம் வர்ணம் பூசவே ஒரு தனி நிதி வேண்டும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. வேவர்லியில் போனவர்கள் உல்லாசப் பயணிகள்; அவர்களுக்கு அது இனிய ஞாபகம். ரஜூலாவின் தளத்தில் படுத்து வாந்தியெடுத்தவர்களுக்கு, அதைப் பாதுகாக்க வேண்டும் என்று எப்படித் தோன்றும்?

ஆனால், பேரப்பிள்ளைகளுக்குத் தோன்றலாம். கோயில் டியூப்லைட்டில்கூட 'உபயம்' என்று பெயர் எழுதிக் கொடுக்கிற ஊர் நம்முடையது. கப்பல் போய்விட்டது, சரி. டிக்கெட், பாஸ்போர்ட், கடிதம், போட்டோ எல்லாம் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. நாகையில் அவற்றுக்கு ஒரு சின்னக் கூடம் அமைக்க, 8,000 டன் கப்பலைக் காப்பாற்றும் பணம் தேவையில்லை.

அதற்குமுன், உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் தகரப் பெட்டி இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்!