இரும்பையும் உடைக்கும் ஹைட்ரஜன்

ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று முறியும். முறிந்த இடத்தைத் தொட்டால் சுடும். நாம் விளையாட்டாகச் செய்யும் இந்த வேலைக்கு மெட்டலர்ஜியில் பெயர் உலோகக் களைப்பு.

1842 மே மாதம் வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் இஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளை லட்சக்கணக்கான முறை சுற்றவிட்டுச் சோதித்தார். சின்னச் சுமைகூடத் திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறிக்கும், ஆனால் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் முறிக்காது என்று காட்டினார்.

அடுத்து வந்தது எதிர்பாராத வில்லன். 1875-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஜான்சன் இரும்புக் கம்பியைச் சில நிமிடம் அமிலத்தில் போட்டு எடுத்தார். நன்றாக வளைந்துகொண்டிருந்த கம்பி, சட்டென்று முறிந்தது. முறிந்த முகத்தை ஈரமாக்கினால் நுரை வந்தது! அமிலத்திலிருந்து ஹைட்ரஜன் உள்ளே புகுந்திருக்கிறது. கம்பியைச் சும்மா வைத்திருந்தால் மெல்ல மெல்லப் பழைய குணம் திரும்பியது. சூடாக்கினால் இன்னும் சீக்கிரம் திரும்பியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், துருவைத் தடுக்கத்தான் முலாம் பூசுகிறோம். ஆனால் பூசுமுன் அமிலத்தில் கழுவும்போதும், மின்முலாம் தொட்டியிலும் அதே ஹைட்ரஜன் எஃகுக்குள் போகிறது. அதனால்தான் உறுதி அதிகமான எஃகு பாகங்களை முலாம் பூசியதும் சுமார் 190 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைக்கிறார்கள். ஜான்சன் கண்ட அதே வைத்தியம்!

இன்று சோதனைக்கும் வெப்பம்தான் சாட்சி. களைப்புச் சோதனை நடக்கும்போதே அகச்சிவப்பு கேமராவால் பார்க்கிறார்கள். சுமை எல்லையைத் தாண்டினால் துண்டின் வெப்பம் தெளிவாக ஏறும். ஹைட்ரஜன் ஏற்றிய துண்டு, ஏற்றாத துண்டு, பூச்சு உள்ளது, இல்லாதது என்று ஒப்பிடலாம்.

இவ்வளவு தெரிந்தும் 2013 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? சான் பிரான்சிஸ்கோவின் புதிய பே பாலத்தில் துத்தநாகம் பூசிய 96 பெரிய எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கினார்கள். சில நாட்களில் 32 கம்பிகள் முறிந்துவிட்டன. பாலத்தில் ஒரு வண்டிகூட ஓடவில்லை, ஆகவே இது களைப்பு அல்ல. அந்தக் கம்பிகள் இருந்த குழிகளில் பல காலம் தண்ணீர் தேங்கியிருந்தது. விசாரணையில் காரணம் ஹைட்ரஜன் என்று தெரிந்தது.

ஜான்சன் எழுதி அப்போது 138 வருடம் ஆகியிருந்தது. கண்டுபிடிப்பது ஒரு பக்கம், அதை மறக்காமல் இருப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் கஷ்டம் போலிருக்கிறது, நண்பர்களே.