கச்சாயத் திருநாள்

தீபாவளிக்கு முந்தின நாள் கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. கச்சாயத்துக்கு ஊறிய பச்சரிசியையும் வெல்லத்தையும் அம்மாயி ஆட்டுக்கல்லில் ஆட்டுவாள். குழவி சுற்றும் நேரம் பார்த்து மாவைத் தள்ளிவிட வேண்டும். விரல் நசுங்காமல் தள்ளுவது லேசான காரியமா? கூலி, விரலில் ஒட்டிய மாவு!

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையின் நூலாலைகளை ஓட்டிற்று. அடுப்பங்கரைக் கல்லை மட்டும் பெண்களின் தோள்களே சுற்றிக்கொண்டிருந்தன. 1955-ல் கோவையில் பி. சபாபதி கிரைண்டர் செய்தார். எத்தனை தோள்கள் அவரை வாழ்த்தினவோ! பின்னாளில் கோவை கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிள்ளைகளைத்தான் யாரும் கேட்கவில்லை. ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்க விடுவார்களா?

"எனக்கு இனி என்ன வேலை, அம்மாயி?"

"மொதக் கச்சாயம் உப்பி வருதான்னு பாத்துச் சொல்லு, கண்ணு. எனக்கு எங்கெ கண்ணு தெரியுது!"

அவளுக்குக் கண் நன்றாகவே தெரியும்.